85 கிலோமீட்டர் விளம்பரம்

ஃபெடர்வைஸர் என்று ஒரு சமாச்சாரம். ஜெர்மனியில் அறுவடை சமயத்தில், செப்டம்பர், அக்டோபரில் மட்டும் கிடைக்கும். திராட்சைச் சாறு பாதி ஒயினாகிக்கொண்டிருக்கும்போதே பாட்டிலில் பிடித்து விற்றுவிடுகிறார்கள். உள்ளே நுரைத்துக்கொண்டே இருப்பதால் மூடியை இறுக்க முடியாது. இறுக்கினால் வெடித்துவிடும். நம் ஊர் கள்ளுப் பானை விவகாரம்தான். பாட்டிலை நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும். இது தெரியாத நான், நண்பனின் காரில் பின் சீட்டில் அதைப் படுக்கப் போட்டுவிட்டேன்.

"அண்ணா, அதைப் படுக்க வைக்கக் கூடாதுண்ணா..." என்று நண்பனின் மனைவி சொல்லி முடிப்பதற்குள் இரண்டாவது வளைவு வந்துவிட்டது. கல்லூரித் தோழன், வால்டார்ஃபில் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறான். புது கார். ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தான், அவ்வளவுதான்.

நாங்கள் போய்க்கொண்டிருந்தது ஜெர்மன் ஒயின் சாலையில். வடக்கே போக்கன்ஹைம் என்ற ஊரில் ஆரம்பித்து, தெற்கே பிரான்ஸ் எல்லையில் ஷ்வைகன் வரை சுமார் 85 கிலோமீட்டர். ஃபால்ஸ் என்கிற பிரதேசம். மேற்கே ஹார்ட் மலை, அதன் மேல் பெரிய காடு. கிழக்கே ரைன் நதிச் சமவெளி. மலையடிவாரச் சரிவு முழுக்கத் திராட்சை. நடுவில் கொத்துக் கொத்தாகக் கிராமங்கள். திராட்சைக் கொத்துப் படம் போட்ட மஞ்சள் போர்டைப் பிடித்துக்கொண்டே போனால் போதும், வழி தவறாது.

ஒரு சாலைக்கு விமர்சனம் எழுத முடியுமா என்று கேட்பீர்கள். எழுதலாம். காரணம், இந்தச் சாலைக்கு ஓர் இயக்குநர் உண்டு, ரிலீஸ் தேதி உண்டு, வசூலும் உண்டு. பர்கண்டியில் 1937, அல்சாஸில் 1953, இத்தாலியின் தென் டிரோலில் 1964 என்று வரிசையாக ஒயின் சாலைகள் வந்தன. ஒரு படம் ஹிட்டானால் அதே பாணியில் நாலு வருமே, அந்த மாதிரி.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். காட்சிகள் பிரமாதம். மேற்கிலிருந்து வரும் மழை மேகத்தை மலைக்காடு தடுத்துவிடுவதால் இந்தப் பக்கம் வெயில் அதிகம். ஜெர்மனியில் அத்திப்பழம் காய்க்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். சுவரோரமாகக் காய்த்துத் தொங்குகிறது. கிம்மல்டிங்கன் என்ற ஊரில் மார்ச் மாதவாக்கில் பாதாம் மரங்கள் ரோஸ் நிறத்தில் பூத்துத் தள்ளுமாம், அதற்கு ஒரு திருவிழா. நான் போனது அக்டோபர் என்பதால் இலைதான் பார்த்தேன். ஆனால் அக்டோபர் திராட்சை இலை சும்மா இல்லை. மஞ்சள், செம்பு, துரு என்று ஒரே சரிவில் நாலைந்து நிறம்.

கிராமங்களில் செட் போட்ட மாதிரி சுத்தம். ரோட் என்ற ஊரில் ஒரு தெரு, இரண்டு பக்கமும் செஸ்நட் மரம், வளைவு வைத்த பெரிய பெரிய வாசல்கள். வண்டி உள்ளே போவதற்கு, பீப்பாய் வெளியே வருவதற்கு. அந்த வாசல்களின் அளவைப் பார்த்தாலே இது வேடிக்கை பார்ப்பதற்குக் கட்டியதல்ல, தொழிலுக்குக் கட்டியது என்று புரியும். எனக்குப் பிடித்தது அதுதான்.

பாட் டுர்க்ஹைம் ஊரில் 1934-ல் கட்டிய ராட்சத மரப் பீப்பாய் இருக்கிறது. 17 லட்சம் லிட்டர் கொள்ளளவு. ஒரு சொட்டு ஒயின்கூட அதில் நிரப்பியதில்லை. உள்ளே ஓட்டல் நடக்கிறது. டைடெஸ்ஹைமில் வருடா வருடம் ஓர் ஆட்டுக்கிடாவை ஏலம் விடுகிறார்கள். பக்கத்து மலைக் கிராமம், காட்டில் மேய்த்துக்கொண்டதற்குப் பல நூற்றாண்டுகளாகச் செலுத்தும் கப்பம் அந்தக் கிடா. அதே ஊருக்குத்தான் ஹெல்முட் கோல் 1989-ல் தாட்சரையும், 1990-ல் கோர்பசேவையும் கூட்டிவந்து பன்றி இரைப்பைக்குள் இறைச்சியும் உருளைக்கிழங்கும் அடைத்து வேகவைத்த உள்ளூர்ப் பதார்த்தத்தைச் சாப்பிட வைத்தார். தாட்சர் முகம் எப்படிப் போயிருக்கும் என்று கற்பனை செய்துகொண்டேன்.

ஒரு அடிப்படைக் கோளாறு மட்டும் உண்டு. இது கார் ஓட்டுகிறவனுக்காகப் போட்ட ஒயின் சாலை. ஓட்டுகிறவன் குடிக்க முடியாது. என் நண்பன் ஊருக்கு ஊர் திராட்சை ஜூஸ் குடித்துக்கொண்டே வந்தான், பள்ளிக்கூடப் பையன் மாதிரி. இதைப் புரிந்துகொண்டோ என்னவோ, ஆகஸ்ட் கடைசி ஞாயிறு மட்டும் சாலையைக் கார்களுக்கு மூடிவிடுகிறார்கள். அன்றைக்கு சைக்கிளும் நடையும்தான். என்னைக் கேட்டால் சாலை தன் வேலையை ஒழுங்காகச் செய்வது அந்த ஒரு நாள்தான்.

சாயங்காலம் ஷ்வைகனுக்கு வந்து சேர்ந்தோம். சாலையின் தெற்கு முனையில் கல்லால் ஒரு பெரிய வாசல் கட்டியிருக்கிறார்கள். ஜெர்மன் ஒயின் வாசல் என்று பெயர். காலையிலிருந்து பார்த்த வளைவு வாசல்களுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. விறைப்பாக, கனமாக, மார்பை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறது. அந்தப் பக்கம் நடக்கிற தூரத்தில் பிரான்ஸ். இத்தனைக்கும் ஷ்வைகன் விவசாயிகளின் திராட்சைத் தோட்டங்களில் கணிசமான பகுதி எல்லை தாண்டி பிரான்ஸ் மண்ணில்தான் இருக்கிறது. கொடி அங்கே, பீப்பாய் இங்கே. அப்படிப்பட்ட இடத்தில் எதற்கு இப்படி ஒரு கோட்டை வாசல்? இரண்டு நாட்டுக்கும் இடையில் போகிற டிராக்டரைப் பயமுறுத்தவா?

பதில் அதைக் கட்டிய வருடத்தில் இருக்கிறது. 1936. அதற்கு முந்தைய வருடம் அங்கே மரத்தில் ஒரு வாசல் இருந்தது. சாலையின் திறப்பு விழா 1935 அக்டோபர் 19. திறந்து வைத்தவர் ஜோசஃப் பியூர்க்கல். பழைய பள்ளிக்கூட வாத்தியார். அப்போது ஃபால்ஸ் பிரதேசத்தின் நாஜிக் கட்சித் தலைவர்.

இங்கே என் பி.காம். மூளை விழித்துக்கொண்டது. 1934-லும் 1935-லும் அமோக விளைச்சல். சரக்கு தேங்கிவிட்டது. (இந்த வாக்கியத்தை இரண்டு அர்த்தத்திலும் படிக்கலாம்.) விலை விழுந்தது. அதிக விளைச்சல் என்றால் அதிக விற்பனை வேண்டும். அதற்கு வியாபாரிகள் வேண்டும். ஃபால்ஸ் ஒயின் வியாபாரத்தில் கணிசமான பங்கு, தலைமுறை தலைமுறையாக, யூத வியாபாரிகள் கையில் இருந்தது. விவசாயியிடம் வாங்கி, கடன் கொடுத்து, வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் அனுப்பியவர்கள் அவர்கள். 1933-லிருந்து அவர்களைப் புறக்கணி, ஒதுக்கு, துரத்து என்று கிளம்பியது பியூர்க்கலின் கட்சி. அதாவது கிடங்கு நிரம்பி வழியும் நேரத்தில், விற்றுக் கொடுக்கிற ஆட்களையே கடையை விட்டு விரட்டிவிட்டார்கள்.

அப்புறம் சரக்கை யார் விற்பது? அதற்குக் கண்டுபிடித்த வழிகளில் ஒன்று, ஜெர்மனியின் நகரங்களை ஒயின் கிராமங்களுக்கு ஞானப் பெற்றோர் மாதிரி ஆக்கியது. இந்த ஊர் ஒயினை அந்த நகரம் குடித்துத் தீர்க்க வேண்டும், அது தேசக் கடமை. இன்னொன்று இந்தச் சாலை. ஒயின் வாடிக்கையாளரைத் தேடிப் போக வழியில்லை என்றால், வாடிக்கையாளரை ஒயினிடம் வரவழை.

ஐடியா என்ற அளவில் கெட்டிக்காரத்தனம்தான், மறுக்கவில்லை. புதிதாக ரோடுகூடப் போடவில்லை. ஏற்கெனவே ஊருக்கு ஊர் இருந்த பாதைகளை வரிசையாகக் கோத்து ஒரு பெயர் வைத்து போர்டு நட்டார்கள். முதலீடு சொற்பம். விளம்பரமோ இன்றுவரை ஓடுகிறது. எம்.பி.ஏ. வகுப்பில் பாடமாக வைக்கலாம், பற்று வரவு இரண்டு பக்கத்தையும் சேர்த்து வைத்தால்.

விவசாயிகளின் கஷ்டம் பொய் என்று நான் சொல்லவில்லை. இதே சாலையில் நாய்ஸ்டாட் ஊருக்கு மேலே ஹம்பாக் கோட்டை இருக்கிறது. 1832 மே மாதம் ஆயிரக்கணக்கானவர்கள் கறுப்பு, சிவப்பு, தங்க நிறக் கொடியோடு அந்த மலை ஏறி, சுதந்திரமும் ஒரே ஜெர்மனியும் வேண்டும் என்று கேட்டார்கள். அந்தக் கூட்டத்தில் ஒயின் விவசாயிகள் தனியாகக் கறுப்புக்கொடி பிடித்துக்கொண்டு போனார்கள். வரி, சுங்கம் எல்லாம் சேர்ந்து அவர்களை நசுக்கிக்கொண்டிருந்த காலம். மலைச்சரிவில் கொடி வளர்க்கிறவனுக்கு விலை விழுவது புதுசில்லை. 1832-ல் அவன் சுங்கத்தைக் குறை என்று அரசாங்கத்தைக் கேட்டான். 1935-ல் அரசாங்கம் அவனுக்கு ஒரு திருவிழா நடத்தி, பக்கத்து வீட்டு வியாபாரியை எதிரி என்று காட்டிக் கொடுத்தது.

1940 அக்டோபர் 22. சாலை திறந்து ஐந்து வருடம், மூன்று நாள். ஃபால்ஸ், சார், பாடன் பகுதிகளில் மிச்சமிருந்த யூதர்களை, 6,500 பேருக்கு மேல், வீடு வீடாகப் போய் எழுப்பி ரயிலில் ஏற்றினார்கள். உத்தரவின் பின்னால் இருந்தவர்கள் இரண்டு மாகாணத் தலைவர்கள். பாடனுக்கு ராபர்ட் வாக்னர். இந்தப் பக்கத்துக்கு, அதே பியூர்க்கல். ரயில் போன இடம் பிரான்ஸின் தென்மேற்கில், பிரனீஸ் மலையடிவாரத்தில் கூர்ஸ் முகாம். குளிரிலும் பசியிலும் நிறையப் பேர் அங்கேயே செத்தார்கள். 1942-லிருந்து மீதிப் பேரில் பலர் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டார்கள். பியூர்க்கல் 1944 செப்டம்பரில், ஒயின் சாலையில் இருக்கும் நாய்ஸ்டாட்டிலேயே செத்துப்போனார். வழக்கு, விசாரணை ஒன்றும் கிடையாது.

இதையெல்லாம் வாசலுக்குக் கீழே உட்கார்ந்து நண்பனிடம் சொன்னேன். அவன் கேட்டான்: "மாப்ள, ரோடு என்னடா பண்ணும்? ஆட்டோபான்கூடத்தான் ஹிட்லர் போட்டதுன்னு சொல்றாங்க. அதுல 160-ல போறப்ப இதெல்லாம் நெனைக்கிறோமா?"

நியாயமான கேள்வி. முதலில் ஒரு திருத்தம்: கொலோன், பான் நகரங்களுக்கு இடையே அந்த மாதிரி சாலை 1932-லேயே திறந்தாயிற்று, ஹிட்லர் வருவதற்கு முன்பே. அது கிடக்கட்டும். ஆட்டோபான் எனக்கு எதையும் விற்கவில்லை. சீக்கிரம் போகலாம் என்கிறது, போகிறேன். ஒயின் சாலை விற்பது ஒயினை மட்டுமில்லை, பழமையை. மரபு, தாத்தா காலத்துப் பீப்பாய், தலைமுறை தலைமுறையாக என்று போர்டுக்கு போர்டு, லேபிளுக்கு லேபிள் பழைய காலம்தான் சரக்கு. பழைய காலத்தைக் காசுக்கு விற்கிற கடையில் அந்தப் பழைய காலம் முழுசாக இருக்கிறதா என்று வாங்குகிறவன் கேட்கலாம் இல்லையா? காலையில் ஒரு சுற்றுலா அலுவலகத்தில் அள்ளிக்கொண்டு வந்த துண்டுப் பிரசுரங்களை எடுத்துப் பார்த்தேன். 1935 என்று இருந்தது. யார், ஏன் என்பது இல்லை. எந்த ஒயினுக்கு எந்தப் பாலாடைக்கட்டி பொருத்தம் என்று அரைப் பக்கம் இருந்தது.

ஜெர்மன்காரர்கள் மறைத்துவிட்டார்கள் என்று நான் தீர்ப்பு எழுதினால் அது அநியாயம். இந்தக் கதையை வெளியே கொண்டுவந்தவர்களே அந்த ஊர் ஆய்வாளர்கள்தான். நாய்ஸ்டாட்டில் பழைய பட்டாளக் குடியிருப்பு ஒன்றில் நினைவிடம் வைத்திருக்கிறார்கள். 1933-லேயே எதிர்க்கட்சிக்காரர்களைப் பிடித்து அடைத்த இடம் அது. டைடெஸ்ஹைமில் யூதர்களின் பழைய ஜெப ஆலயக் கட்டடத்தை இடிக்காமல் செப்பனிட்டு, கச்சேரி, கண்காட்சி நடத்துகிறார்கள். ஆடு ஏலம் விடுகிற அதே ஊர். உள்ளே சின்ன இடம்தான். ஐந்து நிமிஷம் நின்றால் போதும், வெளியே வந்ததும் தெரு வேறு மாதிரித் தெரிகிறது. ஆக, எல்லாமே இருக்கிறது, தனித்தனியாக. மஞ்சள் போர்டுகள் கோத்துக் காட்டும் மாலையில்தான் இந்தப் பூக்கள் இல்லை. 85 கிலோமீட்டரைக் கோத்தவர்களுக்கு இன்னும் ரெண்டு இடத்தைக் கோக்க எவ்வளவு செலவாகிவிடும்?

"அப்ப வரவே வேணாம்ங்கிறியா?" என்றான் நண்பன்.

அப்படிச் சொல்லவில்லை. ரைஸ்லிங் நன்றாகவே இருக்கிறது. அதை வளர்க்கிறவர்கள் 1935-ல் பிறந்துகூட இருக்க மாட்டார்கள். சரிவில் அவர்கள் குனிந்து நிமிர்வதைப் பார்த்தால் ஒரு கிளாஸுக்குக் கேட்கும் காசு அதிகமில்லை என்று தோன்றும். போங்கள். ஆனால் நாங்கள் போன மாதிரி வடக்கிலிருந்து தெற்கே வராதீர்கள். தெற்கிலிருந்து வடக்கே போங்கள். அந்தக் கல் வாசல் முதலிலேயே முடிந்துவிடும், அதன் கதையையும் முதலிலேயே பேசித் தீர்த்துக்கொள்ளலாம். பிற்பகலில் டைடெஸ்ஹைம் வரும். பாட்டில் வாங்கினால் இரண்டு காலுக்கும் நடுவில் நிமிர்த்திப் பிடித்துக்கொள்ளுங்கள். நண்பன் போனில் சொன்னான், சீட்டில் இன்னும் வாசனை போகவில்லையாம்.