கல்லை ஊறவைப்பதா, உயிரை ஊறவைப்பதா?

கடல்நீர் மீன்தொட்டிக்காரர்கள் 'லைவ் ராக்' என்று சொல்லும் பொருளில் கல்லுக்கு உயிர் கிடையாது. அது செத்த பவளத்தின் சுண்ணாம்புக் கூடு. அதன் துளைகளில் குடியிருக்கும் பாக்டீரியா, புழு, கடற்பஞ்சு, ஊதாநிறப் பாசிப் படலம் ஆகியவைதான் உயிர். மீன் கழிக்கும் அமோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றுபவை இந்தப் பாக்டீரியாக்கள். ஆக்சிஜன் எட்டாத உள்துளைகளில் வேறு பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றுகின்றன. கல்லைத் தயார்செய்யும் முறை எதுவானாலும், இந்தக் குடியிருப்புக்கு என்ன ஆகிறது என்பதை வைத்தே அதை எடைபோட வேண்டும்.

கடலிலிருந்து எடுத்த கல் ஈரத்தாளில் சுற்றப்பட்டு வந்து சேர்வதற்குள் அதிலுள்ள பலவும் செத்துவிடும். பிரித்தால் அழுகல் நாற்றம். அதைத் தனித் தொட்டியில், லிட்டருக்கு 35 கிராம் உப்புள்ள நீரில், 25 டிகிரி வெப்பத்தில், பம்ப் ஓடவிட்டு, அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாகும்வரை வாரக்கணக்கில் வைப்பார்கள். அந்த அமோனியாதான் பாக்டீரியாவுக்கு உணவு, ஆகவே தண்ணீரை மாற்றாதீர்கள் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. பாக்டீரியா குறைந்த அமோனியாவிலும் பெருகும். கடற்பஞ்சும் புழுவும் ஏறிய அமோனியாவில் பிழைக்காது. காசு கொடுத்து வாங்கிய உயிரைக் காசு கொடுத்தே கொல்வதாகிவிடும். செத்ததைத் தேய்த்தெடுத்து, நீரை அடிக்கடி மாற்றுவதே சரி.

கொதிக்கவைத்துச் சுத்தம் செய்யும் யோசனையை இங்கே விவாதிக்கவே கூடாது. கல்லில் ஒட்டியிருக்கும் சோவாந்திட் என்னும் கடலுயிரிகளின் சில வகைகளில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. அது நீராவியோடு எழுந்து மூச்சுக்குள் போய், வீட்டிலிருந்தவர்கள் மருத்துவமனையில் சேர்ந்த சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன.

ஆனால் நம் ஊரில் கடற்கல் என்ற வழியே அடைபட்டது, அடைபட்டதும் நியாயம். 2001இல் பவளங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. செத்த பவளக்கல்லை விற்பதும் குற்றம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் கடலுக்குள் போனதற்குச் சுண்ணாம்புக்காக முருகைக்கல்லை வெட்டியது முக்கியக் காரணம். அந்தக் கரையைப் பார்த்த பிறகு, ஒரு வீட்டுத் தொட்டிக்காக இன்னொரு கல்லைப் பெயர்ப்பதற்கு எந்த நியாயத்தையும் என்னால் ஏற்க முடியவில்லை.

எஞ்சுவது செயற்கைக் கல். இதன் குறையை மறைக்கக் கூடாது: கடற்கல்லோடு தானாக வரும் பலவகைப் பூச்சிபுழுக்கள் இதில் வராது, தொடக்க மாதங்களில் பழுப்புப் பாசியும் தொல்லை தரும். சிமென்ட் கலந்த கல்லில் காரம் கசிவதால், நன்னீரில் பல வாரம் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றி, பி.எச். மேலே ஏறாமல் நிற்கும்வரை பொறுக்க வேண்டும். அமிலக் குளியல் இதற்குத் தேவையில்லை. அது கல்லையே கரைக்கும். ஆனாலும் நைட்ரஜன் வேலைக்கு வேண்டியது துளையும் பாக்டீரியாவும் மட்டுமே. இரண்டையும் இந்தக் கல்லுக்குக் கொடுக்க முடியும். என் தீர்ப்பு இதன் பக்கமே.

ஊறிய கல்லை உப்புநீரில் இருட்டில் வையுங்கள். நோயில்லாத பழைய கடல்நீர்த் தொட்டியின் ஃபில்டர் பஞ்சை அதில் பிழிந்துவிட்டு, லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவுக்கு அமோனியா சேருங்கள். அந்த அளவு அமோனியாவும் அதிலிருந்து வரும் நைட்ரைட்டும் ஒரே நாளில் பூஜ்யமாகும் வரையில் மீன் வாங்கப் போக வேண்டாம்.