லெமா சபக்தானி: பார்னெட் நியூமனின் பதினான்கு ஓவியங்கள்

அரூப ஓவியத்தின் முன் நிற்பவர் எவரும் முதலில் எழுப்பும் வினா, "இதன் பொருள் யாது?" என்பதே. மனித உருவமோ மரமோ வீடோ அதில் புலப்படாதபோது, அவ்வினா விரைவில் வேறொன்றாக மாறிவிடுகிறது: "இதை வரைந்தவர் தம் மனத்தில் என்ன வைத்திருந்தார்?" ஓவியரின் வாழ்க்கையில் நேர்ந்த துயரம் ஒன்று தெரியவந்தால், பூட்டுக்குச் சாவி கிடைத்துவிட்டதாக நாம் மனநிறைவு கொள்கிறோம். பார்னெட் நியூமனின் படங்களை நம் இறுதியாண்டு மாணவர்களுக்குக் காட்டியபோதும் இதுவே நிகழ்ந்தது. ஓவியருக்கு மாரடைப்பு வந்தது என்று நாம் சொன்ன மாத்திரத்தில், "அப்படியானால் கருப்பு மரணம், வெள்ளை உயிர்" என்று ஒருவர் முடித்துவிட்டார். வகுப்பும் அமைதியடைந்தது. நமக்கோ அந்த அமைதி உவப்பாயில்லை.

நியூமன் 1905ஆம் ஆண்டு நியூயார்க் நகரில், போலந்திலிருந்து குடியேறிய யூதப் பெற்றோருக்குப் பிறந்தவர். 1948இல், ஒரே நிறப் பரப்பு, அதை மேலிருந்து கீழாக ஊடுருவிச் செல்லும் ஒற்றைக் கோடு என்னும் தம் வழியைக் கண்டார். 1950இலும் 1951இலும் நடந்த அவருடைய தனிக்காட்சிகளை விமர்சகர் பலர் ஏளனம் செய்தனர். பின்னர் அவர் வரைவதே அருகிப்போயிற்று. 1957 நவம்பர் இறுதியில் மாரடைப்பு அவரைத் தாக்கியது. அடுத்த ஆண்டில் மீண்டும் தூரிகையை எடுத்தபோது, அகன்ற சிவப்புப் பரப்புகளால் அறியப்பட்டிருந்த அவர் நிறங்களையெல்லாம் விலக்கிவிட்டுக் கருப்பை மட்டுமே கையாண்டார். அடிப்பூச்சுப் பூசாத வெறுங்கித்தானில் ஒரே அளவுள்ள இரு ஓவியங்கள் உருவாயின. அவற்றுக்கு அப்போது சிலுவைப்பாடுகளைக் குறிக்கும் தலைப்பு ஏதும் இல்லை.

இவ்விடத்தில் செய்முறையைச் சற்று கவனிக்க வேண்டும். முதல் ஓவியத்தின் இடப்புறம் திண்ணமான கருப்புப் பட்டை. வலப்புறத்துக் கோடோ வரையப்பட்டதே அன்று. கித்தானின்மீது ஒட்டுநாடாவை நெடுக ஒட்டி, அதன் இருமருங்கிலும் உலர்ந்த தூரிகையால் கருப்பைத் தேய்த்து, பின்பு நாடாவை உரித்தெடுத்தார். நாடா இருந்த இடத்தில் துணி துணியாகவே எஞ்சியது. நம் கண் கோடு என்று காண்பது, ஏதோ ஒன்று அகற்றப்பட்ட தடமாகும். அதன் ஓரங்களில் கருப்பு சிதறியும் நடுங்கியும் நிற்கிறது. அடிப்பூச்சு இல்லாத துணியில் பட்ட வண்ணத்தைத் துடைத்தெடுக்க இயலாது. தவறினால் முழுக் கித்தானும் வீண். மரணத்தின் வாசல்வரை சென்று மீண்ட ஒருவர், திருத்துவதற்கு இடமற்ற முறையொன்றைத் தெரிந்துகொண்டார் என்பது, எது எந்த நிறத்தைக் குறிக்கிறது என்னும் ஆராய்ச்சியைவிட நமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

1960இல் மேலும் இரண்டு ஓவியங்கள் வந்தன. வரைந்துகொண்டிருக்கையில், அதுவும் நான்காவது ஓவியத்தில் ஈடுபட்டிருந்தபோதுதான், தம் கையில் உருவாகிவருவது தனித்தன்மையுள்ள ஒன்று என்று தமக்குப் புலப்பட்டதாக அவர் 1966இல் எழுதினார். அது கிறிஸ்துவின் பாடுகள் என்றும், பதினான்கு ஓவியங்களாக வளரவேண்டியது என்றும் அவர் கண்டது அதன் பின்னரே. பொருளை முன்னரே மனத்தில் வைத்து அதைக் கோடுகளில் மறைத்துவைத்தார் என்னும் எண்ணம் இங்கே அடிபட்டுப்போகிறது. கை சென்ற பாதையிலேயே பொருள் அவரை எதிர்கொண்டது. மீதிப் பத்து ஓவியங்களுக்கு மேலும் ஆறாண்டுகள் சென்றன.

இடையில், 1961 பிப்ரவரியில், அவருடைய சகோதரர் ஜார்ஜ் இறந்தார். அதே ஆண்டில் நியூமன் வரைந்த பெரிய கருப்பு வெள்ளை ஓவியம் ஒன்றின் தலைப்பிலேயே ஜார்ஜின் பெயர் இடம்பெற்றுள்ளது. சொந்தத் துக்கத்திற்குப் பெயர் சூட்ட அவர் அறிந்தேயிருந்தார். ஆயினும் இந்தப் பதினான்குக்கு அவர் தம் நோயின் பெயரையோ தம் சகோதரரின் பெயரையோ இடவில்லை; சிலுவையில் தொங்கிய வேறொருவரின் கூக்குரலையே எடுத்துக்கொண்டார். இத்தொடரின் சொந்தப் பொருளை நாம் இங்கேதான் தேடுகிறோம். தன்னுடையது என்று ஒருவன் சொல்லக்கூடிய வேதனை, தன்னுடையது மட்டும் அன்று என அறியவரும் இடம் அது.

சிலுவைப்பாதையின் பதினான்கு நிலைகள் நம் சீர்திருத்தச் சபைகளின் மரபு அன்று. அந்த எண்ணிக்கை 1731இல் போப் பன்னிரண்டாம் கிளமென்ட்டால் உறுதிசெய்யப்பட்டது. ஆண்டவர் மூன்று முறை விழுந்ததும் வெரோனிக்கா அவர் முகம் துடைத்ததும் நற்செய்தி நூல்களில் இல்லை. நியூமனிடமும் இவை இல்லை. எந்த ஓவியம் எந்நிகழ்ச்சியைக் காட்டுகிறது என்று ஒப்பிடப் புகுவோர் ஏமாறுவர். "லெமா சபக்தானி" என்னும் உபதலைப்பே அனைத்துக்கும் உரியது. ஏன் கைவிட்டீர் என்ற அந்த ஒரே வினாவைத்தான் அவர் பாடுகளின் முழுமையாகக் கொண்டார். பதினான்கு படிகளில் கதை நகர்வதில்லை. அவ்வினாவே பதினான்கு தரம் கேட்கப்படுகிறது. இருபத்திரண்டாம் சங்கீதத்தின் எபிரெய மூலத்தில் "அசப்தானி" என்னும் சொல் நிற்க, மத்தேயுவும் மாற்குவும் அரமேய ஒலியையே காத்துத் தந்துள்ளனர். வேதனையின் உச்சத்தில் வந்தது வீட்டு மொழி. மொழிபெயர்ப்புக்கு முன்னுள்ள அந்த ஒலியை நியூமனும் அப்படியே விட்டுவைத்தார்.

சரீரமே இல்லாத சிலுவைப்பாடு உண்டோ என்று நம் வாசகர் சிலர் தடை எழுப்பக்கூடும். வார்த்தை மாம்சமானார் என்று அறிக்கையிடும் நாம் இதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது, தடை நியாயமானதே. நாம் இவ்வோவியங்களை அச்சுப் பக்கங்களிலேயே கண்டிருக்கிறோம். உள்ளங்கை அளவுள்ள படத்தில் வெறுங்கித்தான் அழுக்கு மஞ்சளாகத்தான் தெரிகிறது. மூலங்களோ ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஆறரை அடி உயரமும் ஐந்தடி அகலமும் கொண்டவை. முன்னர் பதினெட்டு அடி நீளத்திற்கு வரைந்தவர், இங்கே கைவிரித்து நிற்கும் மனிதனின் அளவோடு நிறுத்திக்கொண்டார். ஓவியத்தில் இல்லாத சரீரம் அதன் எதிரே நிற்பவருடையது என்று நாம் விடை கூறுவோம். இவ்விடை தடையை முற்றிலும் நீக்கிவிட்டதாக நாம் கருதவில்லை.

மற்றோர் எச்சரிக்கையும் தேவை. நியூமன் கிறிஸ்தவரல்லர். இத்தலைப்பைக் கண்டு அவரை நம் மந்தையில் சேர்த்துக்கொள்வது நேர்மையாகாது. ஐரோப்பிய யூதர் அறுபது லட்சம் பேர் அழிக்கப்பட்டதற்குப் பிந்திய காலத்தில், யூதர் ஒருவர் அக்கூக்குரலை ஒரு யூதனின் கூக்குரலாகவே கேட்டார். அதைக் கேட்க நமக்கே அவர் கற்றுத்தர வேண்டியிருந்தது.

நம் அனுபவம் ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். பெரிய வெள்ளி மும்மணி நேர ஆராதனையில் நான்காம் வார்த்தை நம் பங்குக்குப் பலமுறை வந்ததுண்டு. ஒவ்வொரு தடவையும் நாம் அந்தச் சங்கீதத்தின் இறுதிக்கு விரைந்தோடினோம். அது துதியில் முடிகிறது, முதலடியைச் சொன்ன ஆண்டவர் முழுச் சங்கீதத்தையும் எண்ணியிருப்பார் என்று விளக்கினோம். அவ்வாறு கருதும் வேதஅறிஞர் உளர். ஓர் ஆண்டு ஆராதனை முடிந்தபின், அவ்வருடம் பிள்ளையை அடக்கம்பண்ணியிருந்த தாய் ஒருவர் வாசலில் நம்மிடம், "அவர் அந்தச் சங்கீதத்த முடிக்கலியே, ஐயா" என்றார். நாம் அவருக்கு ஏதோ சொன்னோம். என்ன சொன்னோம் என்பது நினைவில் இல்லை. அது விடையாக இருந்திருக்காது என்பது மட்டும் தெரியும். நியூமனின் படங்கள் பின்னர் நம் கைக்கு வந்தபோது நினைவுக்கு வந்தவர் அந்த அம்மையாரே.

தொடரின் பிற்பகுதியில், ஒன்பது முதல் பதினொன்று வரை கருப்பு மறைந்து, வெறுந்துணியின்மேல் வெள்ளை வருகிறது. ஆறுதல் தொடங்கிவிட்டது என்று எண்ணுகையில், பன்னிரண்டிலும் பதின்மூன்றிலும் கருப்பு முன்னிலும் கனத்துத் திரும்புகிறது. பதினான்காவது ஏறக்குறைய முழுவதும் வெள்ளை. அது கல்லறைத் துணியா, ஒளியா, களைப்பா என்று தீர்மானிக்க ஓவியர் நமக்கு உதவவில்லை. நாமும் மாணவர்களிடம் அதைத் தீர்மானித்துச் சொல்லவில்லை.

1966இல் நியூயார்க் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் இவை முதன்முறையாக ஒருங்கே வைக்கப்பட்டபோது, பதினைந்தாவதாக "பீ 2" என்னும் ஓவியமும் உடன் இடம்பெற்றது. அதன் ஒரு விளிம்பில் கருப்பு, மற்றொன்றில் செம்மஞ்சள். அத்தனை கருப்பு வெள்ளைக்குப் பின் அந்த நிறக்கீற்று பலரை ஈர்ப்பது இயல்பே. பதினான்கும் இன்று வாஷிங்டன் நகரின் தேசிய ஓவியக்கூடத்துக்குரியவை. நம் விருப்பத்தைக் கேட்டால், "பீ 2"வை அவ்வறையிலிருந்து சற்றுத் தள்ளி, நாலடி நடந்து சென்று காணும்படி வேறொரு சுவரில் மாட்டச் சொல்வோம்.