கைகளை எண்ணுகிறவன்

நம் புனைகதையில் என்ஜினியர் பலமுறை வந்திருக்கிறான்: வரனாக, மகனாக, வெளிநாட்டிலிருந்து வரும் கடிதமாக. வேலை செய்கிறவனாக வந்தது அபூர்வம். இரா. முருகனின் ‘மூன்று விரல்’, விநாயக முருகனின் ‘ராஜீவ்காந்தி சாலை’ இரண்டும் கம்ப்யூட்டர் கம்பெனியை நாவலுக்குள் கொண்டுவந்தன. தொழிற்சாலை லைனில் நிற்கும் இளம் என்ஜினியரோ பெரும்பாலும் வெளியேதான் நிற்கிறான்.

காஞ்சிபுரத்துக்கு அவன் அந்நியனல்ல. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தயாரிக்க ஆரம்பித்த பிறகு, தறிவீட்டுப் பிள்ளைகளுக்கும் கம்பெனி பஸ் பழகிப்போயிற்று. இத்தகைய தொழிற்சாலைகளில் புதிதாகச் சேர்ந்தவனுக்கு வாய்க்கும் காரியங்களில் ஒன்று, மனிதக் கையை அளப்பது. கடிகாரத்துடன் நின்று, ஒரு திருகை முடுக்க ஒருவனுக்கு எத்தனை விநாடி என்று எழுதுகிறான். அதில் இரண்டு விநாடி குறைந்தால் இவனுக்குச் சாதனை, அவனுக்குக் களைப்பு.

இதை ‘அந்நியமாதல்’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவது நம் விமர்சனத்தின் சோம்பல். அந்த வார்த்தை அளக்கப்படுகிறவனுக்குப் பொருந்தும். அளக்கிறவன் முதலாளியுமல்ல, வெறும் பலியுமல்ல. மாதச் சம்பளத்துக்கு உடந்தையாகிறவன். இந்த உறவை அவன் வீடு முன்பே அறியும். கோர்வைத் தறியில் அப்பாவுக்குத் துணையாக இன்னொருவர் கை வேண்டும். பாவும் பட்டும் கொடுத்தவரோ முடிந்த சேலையை எண்ணிக் கூலி தந்தார். அப்பாவின் கையை ஒருவர் எண்ணினார். மகன் வேறொருவர் கையை எண்ணுகிறான். எம்.வி. வெங்கட்ராமின் ‘வேள்வித்தீ’ நெசவாளனை அவன் தொழிலோடு சேர்த்துப் பார்த்தது. அவனுடைய அடுத்த தலைமுறைக்கு அந்தப் பார்வை கிடைக்கவில்லை.

தொழிற்சாலைப் பாஷை இங்கிலீஷ் என்பது சாக்கு. 1966 வரை ஜெமினி ஸ்டூடியோவில் உத்யோகம் பார்த்த அசோகமித்திரன், ‘கரைந்த நிழல்க’ளில் சினிமாக்காரர்களின் வார்த்தைகளை அப்படியே விட்டுவைத்தார். கதாநாயகன் என்று ஒருவனை நிறுத்தவில்லை. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கதை நகர்கிறது. எல்லோரையும் கட்டிவைப்பது வேலைதான். லைனுக்கு இதைவிடப் பொருத்தமான உருவம் எது?

ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் தொடங்கிய நோக்கியா தொழிற்சாலையில் 2014 நவம்பரில் உற்பத்தி நின்றது. அங்கே மிச்சம்பிடித்த விநாடிகள் யார் கணக்கில் போயின என்று கேட்க ஒரு நாவல் வேண்டும். என்ஜினியரின் தனிமை பற்றி இன்னொரு கவிதை வேண்டாம்.