பீப்ஸின் நாட்குறிப்பில் இரு மொழிகள்

இங்கிலாந்தின் கடற்படை தொழில் தெரிந்தவர்களின் படையாக உருவான கதையைக் கூறும் நூல்கள் சாமுவேல் பீப்ஸின் பெயரை நன்றியோடு குறிப்பிடத் தவறுவதில்லை. அந்த நன்றியோடு அவருடைய நாட்குறிப்பைத் திறந்த நாம், திகைத்தே அதனை மூடினோம்.

1660 சனவரி முதல் நாள் தொடங்கி, கண்பார்வை போய்விடுமோ என்னும் அச்சத்தால் 1669 மே 31 அன்று நிறுத்தப்பட்ட நூல் இது. சுருக்கெழுத்தில் இருந்தமையால் 1825இல்தான் அச்சேறியது. அதுவும் சுருக்கியும் நீக்கியும். முழுப் பதிப்பு 1970 முதல் 1983 வரையான ஆண்டுகளில் வெளிவந்தது.

உறவினர் ஒருவரின் செல்வாக்கால் கடற்படை வாரியத்தில் எழுத்தரானபோது, பீப்ஸுக்குக் கப்பல் வேலை தெரியாது, கணக்கும் தெரியாது. 1662இல், இருபத்தொன்பதாம் வயதில், அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து பெருக்கல் வாய்பாட்டை மனப்பாடம் செய்கிறார்! மரத்தை அளக்கவும் கயிற்றின் தரம் காணவும் கற்கிறார். நூலின் மிக இனிய பக்கங்கள் இவையே. பின்னாளில், 1677இல், மூன்றாண்டு கடலில் பணிபுரிந்து தேர்விலும் தேறியவரே லெப்டினன்ட் ஆகலாம் என்னும் விதி அவருடைய முயற்சியால் வந்தது. பிறப்பும் பரிந்துரையும் மட்டுமே போதும் என்றிருந்த இடத்தில் அது பெரும் மாற்றமே.

ஆனால் அந்தப் படையைச் சுமந்தவர்கள் யார்? மாலுமிகளுக்குக் கூலியாகப் பணமன்று, சீட்டே கிடைத்தது. அதனை அவர்கள் பாதி விலைக்கும் விற்க நேர்ந்தது. 1667 சூனில் ஒல்லாந்தர் மெட்வே ஆற்றினுள் புகுந்து கப்பல்களை எரித்து, 'ராயல் சார்லஸ்' கப்பலை இழுத்துச் சென்றபோது, பகைவர் கப்பல்களிலிருந்து ஆங்கிலக் குரல்கள் கேட்டதாக எழுதுகிறார் பீப்ஸ். அதே நாட்களில் ஏறத்தாழ 1,300 பவுண்டு பொற்காசுகளை மனைவியிடமும் தந்தையிடமும் கொடுத்து நாட்டுப்புறத்துக்கு அனுப்பியதையும் ஒளிக்காமல் எழுதுகிறார்.

1666 சூலை முதல் நாள் பதிவை நாம் மும்முறை வாசித்தோம். வலுக்கட்டாயமாகப் பிடிக்கப்பட்ட ஆடவரைக் கப்பலேற்றுகின்றனர். அவர்தம் மனைவியர் ஒவ்வொரு கூட்டத்திடமும் ஓடிக் கணவரைத் தேடுகின்றனர். நிலவொளியில் கப்பல்கள் தெரியுமட்டும் பார்த்து நிற்கின்றனர். எளிய ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அந்த இரக்கம் பொய்யன்று.

இன்னொரு பெண்ணும் இந்நூலில் வருகிறார். கப்பல் தச்சர் பேக்வெல் என்பவரின் மனைவி. கணவருக்கு மேலான கப்பலில் வேலை வேண்டி வந்தவர். பீப்ஸ் அதற்குக் கேட்ட விலை இன்னதென்று நாம் விரிக்க வேண்டுவதில்லை. 1665 பிப்ரவரியில் அவர் போராடியதையும், அப்போராட்டத்தில் தம் விரல் நோவுற்றதையும் பீப்ஸே எழுதுகிறார். அவ்விடங்களில் மட்டும் அவர் மொழி மாறுகிறது. பிரெஞ்சும் இசுபானியமும் இலத்தீனும் ஆங்கிலத்தோடு கலந்து குழம்புகின்றன. ஏற்கெனவே சுருக்கெழுத்தில் மறைத்ததை எவரிடமிருந்து இரண்டாம் முறை மறைத்தார்?

இதனைப் பாவசங்கீர்த்தனம் என்று புகழும் திறனாய்வாளர் உளர். நாம் அவ்வாறு கொள்ளவில்லை. அறிக்கையிடுபவர் கேட்பவருக்கு விளங்கும் மொழியிலன்றோ பேசுவார்!

தச்சருக்குப் பதவி உயர்வு கிடைத்தது. அவர் மனைவியின் சொந்தப் பெயரை நாட்குறிப்பு ஓரிடத்திலும் தரவில்லை.