நோட்டுஸ்வரம்: கோட்டையிலிருந்து வந்த மெட்டு

1775இல் திருவாரூரில் பிறந்து 1835இல் எட்டயபுரத்தில் மறைந்த முத்துசுவாமி தீட்சிதரை மறக்கப்பட்டவர் என்று எவரும் கூறார். எனினும் அவர்தம் படைப்புகளுள் ஒரு பகுதி, 250 ஆண்டு நிறைவுக்குப் பின்னரும், குழந்தைகளின் பாடவரிசையைத் தாண்டிற்றிலது. ஏறத்தாழ 40 நோட்டுஸ்வரங்களையே ஈண்டுக் குறிக்கிறேன்.

சென்னைக் கோட்டையின் பாண்டு வாத்தியக் குழு முழக்கிய மெட்டுகளைச் செவியுற்று, அவற்றிற்கு வடமொழிச் சாகித்தியம் அமைத்தார் தீட்சிதர். ஆங்கில அரசரை வாழ்த்தும் கீதம் ‘சந்ததம் பாஹிமாம்’ ஆயிற்று. மோத்ஸார்ட் கையாண்ட பிரெஞ்சு மெட்டொன்று ‘சியாமளே மீனாக்ஷி’ ஆயிற்று. ஸ்வரங்கள் சங்கராபரணத்தினவே, கமகம் மட்டும் இல்லை. அதனாலேயே பலர் இவற்றை விளையாட்டென ஒதுக்கினர்.

அயல் மெட்டில் தம் பொருளை அமைப்பது குறையாயின், அருணகிரியாரின் சந்தத்தில் நபிகள் நாயகத்தைப் பாடிய காயல்பட்டினம் காசிம் புலவரின் திருப்புகழும் குறையுடையதாகும். நம்மவர் அவ்வாறு எண்ணியதில்லை. சொல் சந்தத்தில் பிசிறின்றி அமர்ந்ததா என்றே நோக்கினர். அவ்வளவுகோலை இங்கும் வைத்துப் பாருங்கள். ‘பாஹிமாம்’ என்ற சொல்லில் நெடில் ‘பா’ மெட்டின் நீண்ட ஸ்வரத்திலும், குறில் ‘ஹி’ குறுகிய ஸ்வரத்திலும், ‘மாம்’ மீண்டும் நின்று ஒலிக்கும் இடத்திலும் விழுகின்றன. இது விளையாட்டாகச் செய்தவர் வேலையா?

அதே காலத்தில் தம்பி பாலுசுவாமி ஐரோப்பியரிடமிருந்து கற்ற வயலின் இன்று கச்சேரியின் உயிர்நாடி. அண்ணன் பெற்ற மெட்டோ பள்ளிக்கூடத்தில் ஒடுங்கிற்று. யான் வாழும் புதுப்பட்டினத்திற்கு அண்மையில், சதுரங்கப்பட்டினத்தில், டச்சுக் கோட்டை இடிந்து கிடக்கிறது. அங்கும் பறையும் குழலும் முழங்கியிருக்கும். அவற்றைச் செவிமடுக்க ஒரு தீட்சிதர் வாய்க்கவில்லை போலும்.

இனி, இப்பாடல்களை மேனாட்டு வாத்தியக் குழுவோடு மேடையேற்றுவது பற்றி ஒரு சொல். அமெரிக்காவில் கன்னிக்ஸ் கன்னிகேஸ்வரன் 2008இல் வெளியிட்ட ‘விஸ்மயா’ என்னும் இந்திய–கெல்டிக் இசைத்தொகுப்பு சரியான திசையைக் காட்டிற்று. இம்மெட்டுகளுட் பல ஆட்டத்திற்கும் அணிவகுப்புக்கும் பிறந்தவை. அவற்றின் உறவினரிடமே அவை திரும்பிச் சென்றன. அவ்வாறன்றி ஐம்பது அறுபது நரம்புக் கருவிகளை அடுக்கி, சிம்பொனியின் கனத்தை ஏற்றினால் இச்சிறு மெட்டுகள் மூச்சுத்திணறிப் போம். ஒரு வயலின், ஒரு குழல், ஒரு முரசு போதும். பாடுவோர் மட்டும் சிறாராக இருத்தலாகாது. நவாவரணக் கிருதி பாடும் முதிர்ந்த வித்துவானே, அதே மேடையில், அதே மதிப்போடு, இரண்டு நோட்டுஸ்வரங்களையும் பாடிக் காட்ட வேண்டும்.