பொங்கலுக்கு அடிக்கும் பெயிண்ட்

கடலூர், சிதம்பரம் பக்கம் பெயிண்டர்களுக்கு மூச்சுவிட நேரமில்லாத மாதம் மார்கழி. போகிக்குள் வேலை முடிந்தாக வேண்டும் என்று வீட்டுக்காரர்கள் நெருக்குவார்கள். எமல்ஷன் அடிக்க இதைவிடப் பொருந்தாத காலம் ஆண்டில் வேறில்லை என்பேன். வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் நனைத்துவிட்டுப் போன சுவர் அப்போதுதான் மெல்ல உலரத் தொடங்கியிருக்கும்.

அப்படியானால் முன்னோர் ஏன் அந்த மாதத்தில் வெள்ளையடித்தார்கள்? அவர்கள் அடித்தது சுண்ணாம்பு. கிளிஞ்சலைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பு, காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு மறுபடி கல்லாக இறுகும். அதற்கு ஈரம் வேண்டும். காய்ந்த சுவரென்றால் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் மட்டையைக் கையில் எடுப்பார்கள். அதன் காரத்தில் மழைக்காலப் பூஞ்சையும் மடிந்தது. மழை ஓய்ந்ததும் வெள்ளையடிப்பது அந்தப் பொருளின் குணம் அறிந்து செய்த ஏற்பாடு. இப்போது பட்டி, பிரைமர், எமல்ஷன் என்று பொருள் முழுக்க மாறிவிட்டது. நாளை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

சிதம்பரம் தேர் வீதிகளில் முற்றமும் தாழ்வாரமுமாக எஞ்சி நிற்கும் வீடுகளிலும், கடலூர் முதுநகரின் பழைய வீடுகளிலும்தான் இதன் கேடு பெரிது. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமான அந்தச் சுவர்களில் ஈரத்தடுப்பு எதுவும் வைத்துக் கட்டவில்லை. நிலத்து ஈரம் மேலேறும். சுவர் அதை அறைக் காற்றில் விட்டுவிடும். எமல்ஷன் ஒரு பிளாஸ்டிக் படலம். அடித்ததும் அந்த வழி அடைபடுகிறது. மண்ணிலிருந்து ஏறிய உப்பும் கடற்காற்று கொண்டுவந்த உப்பும் படலத்துக்குப் பின்னால் படிகமாகி, காரையையே வெளியே தள்ளுகின்றன. இடுப்பளவு உயரத்துக்குப் பெயிண்ட் கொப்பளித்து உதிர்வது இதனால்தான். உதிர்ந்த இடத்தைச் சிமென்ட்டால் பூசினால் ஈரம் அதற்கும் மேலே ஏறி அடுத்த இடத்தை அரிக்கும். நூறாண்டு நின்ற காரையைச் சில ஆண்டுகளில் இப்படி இழப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

இதற்காக எமல்ஷனைப் பழிப்பதும் நியாயமில்லை. சுண்ணாம்பு சட்டையில் ஒட்டும். அடிக்கடி அடிக்க வேண்டும். கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. மஞ்சக்குப்பத்திலோ அண்ணாமலை நகரிலோ எழும் கான்கிரீட் வீட்டில், பிள்ளைகள் கிறுக்கியதை ஈரத்துணியால் துடைக்க முடிகிற சுவர் நல்ல வசதி. ஆனால் அங்கேயும் அவசரம் கெடுக்கிறது. சிமென்ட் பூச்சு இறுகி உலரக் குறைந்தது 28 நாளாவது விட வேண்டும். கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்தபின் அந்தக் காத்திருப்பைத்தான் முதலில் வெட்டுகிறார்கள்.

கூலிமுறையும் அவசரத்தையே வளர்க்கிறது. சதுர அடிக் கணக்கில் சீக்கிரம் முடிப்பவருக்கே லாபம். பழையதைச் சுரண்டுவதற்கும், ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடையே காயவிடுவதற்கும் தனிக்கூலி கிடையாது. பெயிண்ட் நிறுவனங்கள் அனுப்பும் குழுக்கள் ஈரமானியும் தூசி உறிஞ்சும் இயந்திரமும் கொண்டுவருவது மெய்யான முன்னேற்றம். ஆனால் உத்தரவாதத் தாளில் ஈரக்கசிவால் வரும் பழுதை விலக்கிவிடுவது வழக்கம். இந்தக் கரையோரத்தில் சுவரைக் கெடுப்பதே அதுதான்.

பொங்கலுக்கு அடித்தே ஆக வேண்டுமென்றால் பழைய வீட்டில் சுண்ணாம்பையே அடிக்கலாம். எமல்ஷன் வேலையைச் சித்திரை, வைகாசிக்குத் தள்ளினால் சுவர் நன்றாகக் காய்ந்திருக்கும். சிதம்பரத்தில் ஆனித் திருமஞ்சனத் தேர் புறப்படுவதற்குள் வீடும் தயாராகிவிடும்.

கதவு ஜன்னல்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம் அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி 2016இல் வெளியாகி, 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எனாமலை உப்புத்தாளால் அப்படியே தேய்த்தால், பறக்கும் தூளில் ஈயம் இருக்கலாம். சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கும். பெயிண்டரோ வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு நாள்தோறும் அந்தத் தூளில் நிற்கிறார். நனைத்துத் தேய்த்தால் தூள் பறக்காது. அதற்கு நேரம் கூடுதலாகும். அந்த நேரத்துக்கான கூலியை வேலை பேசும்போதே சேர்த்துப் பேச வேண்டியவர் வீட்டுக்காரர்.