யார் கையில் இருந்தால் நம்புவோம்?

குற்றப் படங்களுக்கு விமர்சனம் எழுதுகிறவர்களிடம் சில ஆண்டுகளாக ஒரு புதுக் கவனம் தெரிகிறது. நாயகன் விசையில் எப்போது விரல் வைக்கிறான், சுட்டதும் தோள் எவ்வளவு பின்னால் போகிறது, ஆறு குண்டு கொள்ளும் துப்பாக்கியில் எத்தனை முறை சுட்டான் என்று எண்ணிப் பார்க்கிறார்கள். இதற்கு அவர்கள் காட்டும் முன்மாதிரி பெரும்பாலும் மைக்கேல் மேனின் ‘ஹீட்’ (1995). பிரிட்டிஷ் சிறப்புப் படையில் இருந்த ஆண்டி மெக்நாப் அந்தப் படத்தின் நடிகர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். தெருச் சண்டையின் வெடிச்சத்தமும் படப்பிடிப்பு நடந்த இடத்திலேயே பதிவு செய்யப்பட்டது. நம் இயக்குநர்களும் இப்போது அந்த அளவுக்கு மெனக்கெடுகிறார்கள், பாராட்டும் பெறுகிறார்கள்.

இந்த எதிர்பார்ப்பில் தவறில்லை. ஆயுதத்தைப் பொம்மையாகக் காட்டும் படம் சாவையும் பொம்மையாக்கிவிடும். ஆனால் இந்த யதார்த்தம் கையின் திறமையோடு நின்றுவிடுகிறது. அது யாருடைய கை, அந்தக் கைக்கு ஆயுதம் எப்படி வந்தது, எந்தக் கையில் இருந்தால் நாம் நம்புகிறோம், எந்தக் கையில் இருந்தால் சிரிக்கிறோம் என்று யாரும் கேட்பதில்லை. இந்தக் கேள்விகளைக் காவிரிக் கடைமடையில் நின்று கேட்டால் வேறு ஒரு படம் தெரிகிறது.

முதலில் அரிவாள். தமிழ்க் குற்றப் படத்துக்குத் துப்பாக்கியைவிட நெருக்கமான ஆயுதம் அது. திரையில் வரும் வீச்சரிவாள் நீளமானது, வெளிப்புறமாகச் சுழற்றப்படுவது. முதுகுப்பக்கம் சட்டைக்குள்ளிருந்து உருவும்போது உலோகம் உரசும் ஒலி கேட்கும். சட்டைத் துணியிலிருந்து இரும்பை எடுத்தால் அப்படி ஒலி வருமா என்று துப்பாக்கிக் குண்டுகளை எண்ணும் விமர்சகர்கள் கேட்டு நான் பார்த்ததில்லை.

தஞ்சை வயலின் கருக்கரிவாள் வேறு வகை. சிறியது, வளைந்தது, வாயோரத்தில் ரம்பம்போல நுண்ணிய பல் வெட்டியது. இடது கையால் தாளைக் கொத்தாகப் பிடித்து, வலது கையால் அரிவாளைத் தன் பக்கம் இழுக்க வேண்டும். அறுக்கிறவளின் உடலை நோக்கியே அதன் கூர் வருகிறது. தப்பினால் வெட்டுப்படுவது அவளது இடது கை விரல். வீட்டுக்கு வந்தால் அரிவாள்மனை. அங்கேயும் கூர் அவளைப் பார்த்தே நிற்கிறது. வயலில் ஆணும் பெண்ணும் சேர்ந்து அறுத்தார்கள் என்பது உண்மை. ஆனால் அறுப்பு முடிந்த பிறகும் புல் அறுக்க, விறகு கழிக்க, மீன் ஆய என்று நாள் முழுவதும் இரும்போடு பழகிய கை பெண்ணின் கை. கூரிய பொருளைக் கையாளும் பயிற்சி இந்த நிலத்தில் யாருக்கு அதிகம் என்றால் அவளுக்குத்தான். திரையில் அரிவாள் ஆயுதமாக மாறும் கணத்தில் அது ஆணின் கைக்குப் போய்விடுகிறது. அவள் கதவருகில் நின்று அலறுகிறாள்.

அடுத்து துப்பாக்கி. கடைமடை ஊர்களில் துப்பாக்கிக்கு என்ன வேலை என்று தோன்றலாம். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தைப் படித்தால் விடை கிடைக்கும். பாதுகாப்புக்கோ வேட்டைக்கோ குறைந்தது 20 அங்குலக் குழல் உள்ள துப்பாக்கிக்கும், பயிர்ப் பாதுகாப்புக்கு வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கும் உரிமம் தர அது வழி செய்கிறது. பாதுகாக்கச் சொத்தும் பயிரும் உள்ளவர் யார்? நட்டவளும் களையெடுத்தவளும் அறுத்தவளும் அந்தப் பயிருக்கு உடைமைக்காரி அல்ல. துப்பாக்கி மிராசுதார் வீட்டில் இருந்ததற்கும் அரிவாள் சேரியில் இருந்ததற்கும் காரணம் வீரமோ குணமோ கிடையாது, நிலம்.

1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்தின் கீழவெண்மணியில் இவை இரண்டும் எதிரெதிரே நின்றன. கூலியாக நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டுச் செங்கொடிச் சங்கத்தில் நின்ற தலித் தொழிலாளர் குடியிருப்பை மிராசுதார் தரப்பு ஆட்கள் சூழ்ந்தார்கள், சுட்டார்கள். ஓட முடிந்தவர்கள் ஓடினார்கள். ஓட முடியாதவர்கள் ராமையாவின் குடிசைக்குள் ஒதுங்கினார்கள். குடிசை கொளுத்தப்பட்டது. எரிந்துபோன 44 பேரில் மிகப் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும்.

துப்பாக்கி அங்கே செய்த வேலையைக் கவனியுங்கள். சினிமாவில் அது ஆள் ஆளாகக் குறிபார்த்துக் கொல்லும். வெண்மணியில் அது ஊரைக் கலைத்தது. ஓடுகிறவரையும் தங்குகிறவரையும் பிரித்தது. இடுப்பில் பிள்ளையோடு இருக்கிறவளும் நடை தளர்ந்தவர்களும் எங்கே ஒதுங்குவார்கள் என்பதைத் துப்பாக்கி முடிவு செய்தது, மிச்சத்தைத் தீ செய்தது. ஆயுத யதார்த்தம் பேசும் ஒரு படத்திலும் துப்பாக்கியின் இந்த வேலையை நான் பார்த்ததில்லை.

அதன்பின் நீதிமன்றம். நெல் உற்பத்தியாளர் சங்கத் தலைவர் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்டோருக்குக் கீழ்நீதிமன்றம் 10 ஆண்டுச் சிறை விதித்தது. மேல்முறையீட்டில் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. பெரும் நிலக்காரர்கள், கார் வைத்திருப்பவர்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்ற கருத்து அந்தத் தீர்ப்பில் இருந்தது. அதே நாளில் மிராசுதார் தரப்பு ஆள் ஒருவர் கொல்லப்பட்ட வழக்கில் தொழிலாளர்கள் தண்டிக்கப்பட்டார்கள். கூலிக்காரன் கையில் ஆயுதம் இருந்தது என்றால் உடனே நம்ப முடிகிறது. கனவான் கையில் இருந்தது என்றால் நம்ப முடியவில்லை. நம்பகம் என்பது சினிமா விமர்சனத்தின் சொல் மட்டும் இல்லை. அது ஒருவரைச் சிறைக்கு அனுப்பும், இன்னொருவரை வீட்டுக்கு அனுப்பும்.

இந்த நிகழ்வை ஒட்டி இந்திரா பார்த்தசாரதி எழுதிய ‘குருதிப்புனல்’ நாவல் சாகித்திய அகாதமி விருது பெற்றது. நிலக்காரரின் வன்முறைக்கு அவரது ஆண்மைக் குறையை உளவியல் காரணமாக அந்த நாவல் முன்வைத்தது. இடதுசாரிகள் அப்போதே இதைக் கடுமையாக எதிர்த்தார்கள். பெண்களாகிய நாம் சேர்க்க வேண்டியது ஒன்று உண்டு. ‘குறையுள்ள’ ஆண்தான் கொல்கிறான் என்றால் முழு ஆண் குற்றமற்றவன் ஆகிவிடுகிறான். துப்பாக்கியை ஆண்மையின் அளவுகோலாக்கும் குற்றப் படங்களும் இதே கணக்கில்தான் ஓடுகின்றன. இந்த நாவலை ஸ்ரீதர் ராஜன் ‘கண் சிவந்தால் மண் சிவக்கும்’ (1983) என்று படமாக்கினார். ‘குருதிப்புனல்’ என்ற பெயரோ 1995இல் பி.சி. ஸ்ரீராம் இயக்கிய, நாவலோடு தொடர்பில்லாத காவல்துறைப் படத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தப் பெயரைச் சொன்னால் இன்று பலருக்கும் நினைவுக்கு வருவது சீருடையும் துப்பாக்கியும். வயல் நினைவுக்கு வருவதில்லை.

வெற்றிமாறனின் ‘அசுரன்’ (2019) தெற்குச் சீமைக் கதை என்றாலும் அதன் கடந்தகாலப் பகுதியில் எரியும் குடிசைகள் வெண்மணியை நினைவூட்டுகின்றன. நில உரிமையையும் சாதியையும் ஆயுதத்தோடு சேர்த்தே பேசிய படம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அங்கும் மாரியம்மாள் செருப்பு அணிந்ததற்காக அடிபடுகிறாள், பிறகு தீயில் சாகிறாள், அதன்பின் சிவசாமியின் கைக்கு அரிவாள் வருகிறது. அவளுடைய சாவு அவனுக்கு ஆயுத உரிமம் ஆகிறது.

பெண்ணே ஆயுதம் எடுக்கும் படங்கள் இல்லையா? இருக்கின்றன. அருண் மாதேஸ்வரனின் ‘சாணிக் காயிதம்’ (2022) படத்தில் பொன்னி காவலர். கணவன் அரிசி ஆலைத் தொழிலாளி. அவள் கூட்டு வன்புணர்வுக்கு ஆளாகி, குடும்பமும் எரிக்கப்பட்ட பிறகே பழிவாங்கக் கிளம்புகிறாள். அவள் காவலர், ஆயுதப் பயிற்சி அவள் வேலையின் பகுதி. ஆனாலும் அவள் கையிலுள்ள ஆயுதத்தை நாம் ஏற்க, முதலில் அவள் உடல் சிதைய வேண்டியிருக்கிறது. அதே ஆண்டின் ‘விக்ரம்’ படத்தில் வீட்டுவேலைக்காரியாக வரும் வசந்தி, சட்டென்று சமையலறைப் பொருள்களோடு சண்டையிட்டு ஏஜென்ட் டீனா ஆனபோது திரையரங்குகள் கைதட்டின. நானும் தட்டினேன். அந்தக் காட்சியின் சுவையே ‘இவளா!’ என்ற வியப்பில் இருக்கிறது. நாள் முழுவதும் கத்தி பிடிக்கிற ஒருத்தி கத்தி பிடித்தால் வியப்பு, அதற்கு விளக்கமாக ஒரு ரகசிய உளவுப்பணி. ஆணுக்கு இப்படி எந்த விளக்கமும் தேவைப்படுவதில்லை.

பெண்கள் கையிலும் அரிவாள் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. கொலைக்கருவியில் சமபங்கு பெறுவது விடுதலை ஆகாது. இந்தக் கடைமடையிலேயே, தலைமுடியை வெட்டி, வேட்டியும் மேற்சட்டையும் அணிந்து, சிலம்பம் பழகி, பண்ணையாட்களைச் சங்கமாகத் திரட்டிய மணலூர் மணியம்மாள் இருந்தார். ராஜம் கிருஷ்ணனின் ‘பாதையில் பதிந்த அடிகள்’ அவரைப் பற்றியது. அவர் காலத்துத் தஞ்சையில் ஆதிக்கத்தின் அன்றாட ஆயுதங்கள் சவுக்கும் சாணிப்பாலும். அவற்றைப் பண்ணையிலிருந்து விரட்டியது இன்னொரு சவுக்கு இல்லை, சங்கம். தன் உடலைக் காக்கக் கம்பு சுழற்றவும் தெரிந்து, ஊரைக் காக்கச் சங்கம் கட்டவும் தெரிந்த ஒரு பெண்ணை எந்தக் குற்றப் படமும் இன்னும் நம்பவில்லை.

எனவே அடுத்த முறை ஒரு படத்தின் ஆயுதக் காட்சியை யதார்த்தம் என்று யாராவது புகழ்ந்தால், மாணவியர் இன்னும் சில கேள்விகளைச் சேர்த்துக் கேட்கலாம். இந்தத் துப்பாக்கிக்கு உரிமம் யார் பெயரில், எந்தச் சொத்தைக் காட்டி வாங்கப்பட்டது? சுடும்போது யாரால் ஓட முடிந்தது, யாரால் முடியவில்லை? இந்த அரிவாள் நேற்றுவரை எந்தக் கையில், எந்த வேலையில் இருந்தது? வழக்கு நீதிமன்றத்துக்குப் போனால் யார் கை நம்பப்படும்? குண்டுகளை எண்ணுகிற அதே பொறுமையோடு இவற்றையும் எண்ணினால், நாம் யதார்த்தம் என்று கைதட்டிய பல காட்சிகள் அந்தத் தீர்ப்பைப் போலத்தான் யோசிக்கின்றன என்பது தெரியவரும்.